"படிப்பு ஏறாத" பிள்ளைகளும் நாமும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மேலேறும் வீதி ரிவர்ஸ்டன் கணவாயைக் கடக்கும் இடத்தில் காற்று பஸ்ஸையே அசைத்துப் பார்க்கும். இந்தப் பக்கம் பனிமூட்டமும் ஈரக்காடும். காட்டு நிழலில் ஏலம் வளர்த்த காலத்தின் சுவடுகள் இன்னும் உண்டு. கணவாயைத் தாண்டி இலுக்கும்புறைப் பக்கம் இறங்கினால் பிட்டவலப் பத்தனை என்னும் புல்வெளி விரிகிறது. சில மைல் தூரத்துக்குள் மண்ணும் மழையும் காற்றும் மாறுவதால் மரமும் புல்லும் பூச்சியும் மாறிவிடுகின்றன. மூக்கு நுனியில் இலை போன்ற தசையைக் கொண்ட ஓணான் ஒன்று இந்த நக்கிள்ஸ் மலைகளில் மாத்திரமே வாழ்கிறது. வேறு எந்த நாட்டிலும் இல்லை. 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் நமது மத்திய மலைநாட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததற்கு இத்தகைய பல்வகைமையே காரணம்.

உயிரினங்களில் காணும் இந்தப் பல்வகைமை மனித மூளைகளிலும் உண்டு என்று சொல்வதற்கு 1990களில் ஒரு சொல் பிறந்தது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த சமூகவியல் மாணவி ஜூடி சிங்கர் 1998இல் தமது ஆய்வேட்டில் அதை எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹார்வி புளூமும் அதை அச்சில் கொண்டுவந்தார். உண்மையில், ஓட்டிசம் உள்ளவர்கள் அதற்கு முன்னரே தமக்குள் கதைத்தும் எழுதியும் வளர்த்த எண்ணம் அது. தமிழில் "நரம்பியல் பல்வகைமை" என்கிறார்கள். பெயர் வாய்க்குப் பெரிதாக இருக்கிறது. ஆனால் விடயம் நம் வீட்டு முற்றத்திலேயே நிற்கிறது.

நமது குடும்பங்களில் திரும்பத் திரும்பக் காணும் ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். ஒருவனைப் பற்றியல்ல, பலரைச் சேர்த்தே சொல்கிறேன். பத்து, பதினொரு வயது இருக்கும். பழைய ஊரில் இருந்தபோது, தவறிப்போன மாட்டைக் குளம்படி பார்த்தே தேடிப் பிடிப்பான். எந்த வாய்க்காலை அடைத்தால் எந்த வரம்பு உடையும் என்று தகப்பனுக்கே சொல்வான். பழுதான மருந்தடிக்கும் மெசினைக் கழற்றி, யாரும் காட்டிக்கொடுக்காமலே பூட்டிவிடுவான். கொப்பியைத் திறந்தால் மாத்திரம் எழுத்துகள் அவனுக்கு அடங்குவதில்லை. ஊரில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. காணியை விட்டு வந்த பின்னரோ மாடும் இல்லை, வாய்க்காலும் இல்லை. காலை முதல் மாலை வரை கொப்பிதான். ஒரே தவணைக்குள் அவனுக்கு "மொக்கன்" என்று பெயர் வந்துவிடுகிறது. "எங்களுக்கென்று மிஞ்சியிருப்பது பிள்ளையின் படிப்பு மட்டும்தானே" என்று ஏங்கும் தகப்பனின் கையில் பூவரசங்கம்பு வந்துவிடுகிறது.

இதில் மாறியது பிள்ளையா, இடமா?

இந்தக் கேள்வி நம்மில் பலருக்கு உரியது. களுகங்கை நீர்த்தேக்கத்தில் 2018இல் நீர் நிரப்பத் தொடங்கியபோது பழைய பல்லேகம நகரும் அதைச் சுற்றிய வயல்களும் தண்ணீருக்குள் போயின. வன்னியில் பல ஆண்டுகள் இடம்மாறி இடம்மாறி முகாம்களில் வாழ்ந்தவர்கள் இதழின் வாசகர்களில் இருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மண்சரிவுகளால் மலைநாட்டில் வீடிழந்தவர்களும் இருக்கிறார்கள். இழப்பைப் பதியும்போது வீடு, காணி, தென்னை, பலா எல்லாம் எண்ணப்படுகின்றன. பிள்ளை எதைப் பார்த்து, எதைத் தொட்டுக் கற்றுக்கொண்டிருந்ததோ அந்த இடம் போய்விட்டதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

ஆபிரிக்காவிலுள்ள கென்யாவின் வடபகுதியில் அரியால் என்னும் மக்கள் ஆடு, மாடு, ஒட்டகம் மேய்த்து வாழ்பவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் அலைந்து மேய்ப்பவர்கள். இன்னொரு பகுதியினர் அண்மைக் காலத்தில் ஓரிடத்தில் குடியேறிப் பயிர் செய்பவர்கள். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, துருதுருவென்று அலையும் சுபாவத்தோடும் கவனச்சிதறலோடும் தொடர்புபடுத்தப்படும் ஒரு மரபணு வகையை இந்த இரு பகுதியினரிடமும் தேடியது. மேய்ச்சலில் அலைந்தவர்களில் அந்த மரபணு உள்ளவர்களின் உடற்போஷணை மற்றவர்களைவிடச் சற்று நன்றாக இருந்தது. குடியேறியவர்களிலோ அதே மரபணு உள்ளவர்கள் சற்று மெலிந்தவர்களாகக் காணப்பட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஒரே மரபணுவை வைத்து ஒரு மனிதனை அளந்துவிட முடியாது என்பதும் உண்மையே. ஆனால் ஊரை விட்டெழும்பி வந்த விவசாயிக்கு இந்தச் செய்தியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

எழுத்து ஒரு புதுச் சரக்கு

மனிதர் பேசத் தொடங்கி எத்தனையோ பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. எழுத்து தோன்றி ஏறக்குறைய 5,000 ஆண்டுகள்தான். எல்லாரும் எழுத வாசிக்க வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கத் தொடங்கியதோ மிக அண்மையில். ஆகவே மூளையில் வாசிப்புக்கென்று பிறப்பிலேயே கட்டிவைத்த அறை கிடையாது. முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு மூலையை இரவல் வாங்கி, அதைப் பேச்சுக்குரிய பகுதிகளோடு இணைத்துத்தான் ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்கப் பழகுகிறது. சிலருக்கு இந்த இணைப்பு சுலபமாக அமைகிறது. சிலருக்கு மெதுவாக, பெரும் பிரயாசையோடு அமைகிறது. இரண்டாம் வகையினரைத்தான் டிஸ்லெக்சியா உள்ளவர்கள் என்கிறார்கள். அவர்களுடைய அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதை முதன்முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர். 1896இல் அவர் பதிந்த பிள்ளைக்கு வயது 14. ஏழு வருடம் கற்பித்தும் சிறு சொற்களைக்கூட வாசிக்க முடியவில்லை. கணக்கிலும் பேச்சிலும் கெட்டிக்காரன். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பாடசாலையிலேயே முதல் மாணவன் இவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் அந்த வைத்தியர் குறித்திருக்கிறார். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்த ஆசிரியர் கண்டதை இன்றும் பல வகுப்பறைகள் காணவில்லை.

2001இல் இத்தாலி, பிரான்ஸ், பிரித்தானியா ஆகிய மூன்று நாடுகளில் டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மூளையைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். மூன்று நாட்டவருக்கும் மூளையின் ஒரே பகுதியில்தான் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் வாசிப்பில் இத்தாலியர் மற்ற இருவரையும்விடக் குறைவாகவே தடுமாறினார்கள். காரணம், இத்தாலிய மொழியில் எழுதியபடியே வாசிக்கலாம். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக் கூட்டம் சொல்லுக்குச் சொல் வேறு ஒலி தரும்.

நம் தமிழ் இதில் எங்கே நிற்கிறது? எழுதியபடி வாசிப்பதில் பெருமளவு இத்தாலிய மொழியின் பக்கம். ஆனால் நமக்கென்று சில முடிச்சுகள் உண்டு. "கை" என்று எழுதும்போது ஐகாரக் குறி முன்னே வருகிறது, ஒலியோ பின்னே வருகிறது. "கோ" என்பதில் ஒரே உயிரொலி எழுத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. வகுப்பில் சொல்லும் ல, ள, ழ என்ற வேறுபாடு நம் வீட்டுப் பேச்சில் பெரும்பாலும் காதில் விழுவதில்லை. ந, ன, ண என்பதும் அப்படியே. எழுத்துகள் 247. அதற்கு மேல் நம் பிள்ளை சிங்களத்துக்கு ஓர் எழுத்துமுறை, ஆங்கிலத்துக்கு இன்னொன்று என்று மூன்றைச் சுமக்கிறது. சிங்களத்தைக் கடையிலும் பஸ்ஸிலும் சரளமாகக் கதைக்கும் பிள்ளை சிங்களக் கொப்பியில் ஒரு வரியும் எழுத மாட்டாது நிற்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இப்பிள்ளைகளுக்கு உதவும் முறை ஒன்றும் மந்திரமல்ல. ஒவ்வோர் ஒலியாக, ஒவ்வோர் எழுத்தாக, ஒழுங்காகவும் நிதானமாகவும் கற்பிப்பது; கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, விரலால் எழுதி மூன்றையும் ஒரே நேரத்தில் செய்வது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதப் பழக்கினார்களே, அதேதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் இருந்த அன்ட்ரூ பெல் என்ற ஆங்கிலேயத் திருச்சபைப் போதகர் இந்த மணல் எழுத்தைக் கண்டு வியந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். நாமோ அதை நாகரிகமில்லை என்று கைவிட்டோம். 1990களின் தொடக்கத்தில் அதே சென்னையில்தான் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் உருவாகி, இப்பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆசிரியர்களைப் பயிற்றத் தொடங்கியது.

சத்தமும் வெளிச்சமும் குத்தும்போது

ஓட்டிசம் வேறு வகை. இதில் மூளை உலகத்தை உள்வாங்கும் விதமே வேறுபடுகிறது. நம் காதுகள் வேண்டாத சத்தத்தைத் தள்ளிவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன. ஓட்டிசம் உள்ள பலருக்கு அந்தச் சல்லடை அப்படி வேலை செய்வதில்லை. எல்லாச் சத்தமும் ஒரே அளவில் உள்ளே வரும். இப்போது ஒரு முகாமை எண்ணிப் பாருங்கள். தகரக் கூரையில் மழை, ஒலிபெருக்கியில் அறிவித்தல், பொதுச் சமையலின் புகையும் தாளித மணமும், இரவு முழுவதும் அணையாத குழல் விளக்கு, சாப்பாட்டுக்கு இடிபட்டு நிற்கும் வரிசை. வீட்டில் ஒரே கோப்பையில், ஒரே மூலையில், ஒரே நேரத்தில் சாப்பிட்ட பிள்ளை இங்கே காதைப் பொத்திக்கொண்டு அலறினால், அடம் என்று நினைக்கிறோம். அது வலி.

இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பெரிய செலவில்லாமல் சிலவற்றைச் செய்யலாம். புதிய வீட்டிலோ கூடாரத்திலோ ஒரு மூலையைச் சேலையால் மறைத்து அவனுக்கென்று ஒதுக்குங்கள். பழைய வீட்டிலிருந்து வந்த பாயோ, கோப்பையோ, கிழிந்த போர்வையோ எதுவானாலும் எறிந்துவிடாதீர்கள். அவனைப் பொறுத்தவரை பழைய ஊர் அதில்தான் இருக்கிறது. நாளைக்கு எங்கே போகப்போகிறோம், பிறகு என்ன நடக்கும் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். பேச்சு விளங்காவிட்டால் கோட்டுப்படமாக வரைந்து காட்டுங்கள். வரிசையில் நிற்க முடியாத பிள்ளைக்கு உணவை முதலில் கொடுக்கும்படி முகாம் பொறுப்பாளரிடம் கேளுங்கள். இது சலுகை கேட்பதல்ல. கால் முறிந்தவரை நாம் வரிசையில் நிறுத்துவதில்லையே.

ஓட்டிசம் என்ற நிலையை ஒத்த பிள்ளைகளை ரஷ்ய வைத்தியர் குருனியா சுகரேவா 1925இலேயே விவரித்தார். 1943இல் அமெரிக்காவில் லியோ கானரும், 1944இல் வியன்னாவில் ஹன்ஸ் அஸ்பேர்கரும் எழுதினார்கள். அதன்பின் நெடுங்காலம் தாய்மார் பட்ட பாடு கொஞ்சமல்ல. தாயின் அன்பில்லாமையே காரணம் என்ற கருத்தை புரூனோ பெத்தல்ஹைம் 1967இல் ஒரு புத்தகத்தால் பரப்பினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1964இல், பேர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் இது மூளை வளரும் விதத்தைப் பற்றியது என்று காட்டியிருந்தார். அவரும் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் தகப்பன்தான். 1998இல் தடுப்பூசி மேல் ஒரு பழி வந்தது. அதை வெளியிட்ட மருத்துவச் சஞ்சிகையே 2010இல் அக்கட்டுரையை மீளப் பெற்றுக்கொண்டது. எழுதியவரின் வைத்தியப் பதிவும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. ஆகவே தடுப்பூசிக்குப் பயந்து பிள்ளையைச் சின்னமுத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நம் ஊர்களில் பழி வேறு பெயரில் வரும். தோஷம், பேய், செய்வினை, முன்னோர் பாவம். வேண்டுதலுக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாக அலைந்து களைத்துப்போன தாய்மார் கடைசியில் கேட்பது, "ஃபாதர், நான் என்ன பாவம் செய்தேன்?" என்பதே. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்களும் பாவம் யாருடையது என்றுதான் கேட்டார்கள். ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவிட்டார். பேயோட்டுகிறோம் என்று பிள்ளையை அடிப்பவர்களையும் கட்டிவைப்பவர்களையும், அவர்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள்.

நம் நாட்டில் இது அரிதும் அல்ல. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு பாதி நகர்ப்புறப் பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டிசம் காணப்பட்டது. ஆராய்ந்த குழந்தைகளின் தொகை சிறியது என்பதால் அதை முழு நாட்டுக்கும் பொருத்த முடியாது. ஆயினும் ஒரு பெரிய மீள்குடியேற்றக் கிராமத்தில் இப்படி ஒரு பிள்ளையும் இல்லை என்று சொன்னால், பிள்ளை இல்லை என்பதைவிட, மறைத்து வைத்திருக்கிறார்கள் என்றே நான் எண்ணுவேன்.

மாட்டின் கண்ணால் பார்த்த பெண்

மாடு வளர்க்கும் நமக்கு டெம்பிள் கிராண்டின் அம்மையாரின் கதை சுவையானது. 1947இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிறந்தவர். மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. விடுதியில் சேர்த்துவிடும்படி வந்த ஆலோசனையைத் தாய் ஏற்கவில்லை. இளவயதில் அரிசோனாவிலிருந்த உறவினர் ஒருவரின் பண்ணையில் மாடுகளோடு பழகினார். பிற்காலத்தில், மாடுகள் வேலியிட்ட பாதையில் ஏன் திடீரென்று நின்று மிரளுகின்றன என்பதைக் கண்டுபிடிக்க, அந்தப் பாதைக்குள் தாமே இறங்கி மாட்டின் கண் உயரத்தில் நின்று பார்த்தார். தொங்கும் சங்கிலி, தண்ணீர்க் குட்டையில் மின்னும் ஒளி, குறுக்கே விழும் நிழல், வேலியில் போட்ட ஒரு சட்டை. அனுபவசாலிகளான பண்ணைக்காரர் எவருக்கும் இவை கண்ணில் படவில்லை. அவருக்குப் பட்டன. ஏனென்றால் அவர் சொற்களால் சிந்திப்பதில்லை, படங்களால் சிந்திக்கிறார். அடிக்காமல் மிரட்டாமல் மாட்டை நடத்திச் செல்லும் வளைந்த பாதைகளை வரைந்தார். பின்னர் கொலராடோ அரச பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஓட்டிசம் உள்ள எல்லாரும் தம்மைப் போலப் படங்களால் சிந்திப்பவர்கள் அல்ல என்பதையும் பின்னாளில் அவரே எழுதினார்.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு பயமும் உண்டு. "அப்படியானால் என் பிள்ளைக்குள்ளும் ஒரு மறைந்த திறமை இருக்கும்" என்று பெற்றார் தேடத் தொடங்குவார்கள். சில பிள்ளைகளிடம் அப்படி எதுவும் வெளிப்படாது. வாழ்நாள் முழுவதும் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் கண்விழித்துப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் உண்டு. பல்வகைமை என்ற சொல்லை மேடையில் அழகாகப் பேசுபவர்கள் அந்தத் தாயின் முதுகுவலியை மறந்துவிடக் கூடாது. பயன் உள்ளவன், பயன் அற்றவன் என்று பிள்ளைகளைப் பிரித்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு வியன்னாவே சாட்சி. மேலே பெயர் சொன்ன அஸ்பேர்கர் சில பிள்ளைகளின் திறமையைப் புகழ்ந்து எழுதியவர். அவரே வேறு சில பிள்ளைகளை, நாசிகளின் காலத்தில், ஷ்பீகல்குருண்ட் என்ற நிலையத்துக்கு அனுப்பிவைத்தார் என்பதை 2018இல் ஹேர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் ஆவணங்களோடு வெளிப்படுத்தினார். அங்கே ஏறக்குறைய 800 பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள்.

முதலில் என்ன செய்வது

பெயர் சூட்ட அவசரப்பட வேண்டாம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்காமல் இருக்கலாம். எழுத்து தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்படலாம். வகுப்பில் தூங்கும் பிள்ளை பசியோடும் இரத்தச்சோகையோடும் வந்திருக்கலாம். மண் சரிந்ததைக் கண்ட பிள்ளையும், குண்டுச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளையும் கவனமின்றி இருப்பார்கள், திடுக்கிடுவார்கள், பேச்சை நிறுத்திவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் வேறுபடுத்தும் ஒரு கேள்வி உண்டு: இடம்பெயர்வதற்கு முன் இந்தப் பிள்ளை எப்படி இருந்தது? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் வைத்தியர் அல்ல, நீங்கள்தான். எத்தனை வயதில் பேசினான், எதற்குப் பயந்தான், எதில் மணிக்கணக்காக ஆழ்ந்திருந்தான் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுத வராவிட்டால் மூத்த பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் பதிவேடு தொலைந்திருந்தால் மருத்துவமாதுவிடம் சொல்லி, அவரிடமுள்ள விபரங்களைக் கேளுங்கள்.

சிறு குழந்தையானால் மருத்துவமாது மூலம் சுகாதார வைத்திய அதிகாரியிடம் போகலாம். அங்கிருந்து மாத்தளை வைத்தியசாலைக்கோ, பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இணைந்த அயதி நிலையமும் உண்டு. தூரம் அதிகம், பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகும் என்பதை அறிவேன். ஒரே ஊரிலிருந்து இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே திகதியைக் கேட்டுச் சேர்ந்து போனால் ஒரு வேனைப் பிடிக்கலாம்.

பாடசாலை வயதுப் பிள்ளையானால், "வீட்டில் வைத்திருங்கள், இங்கே சரிவராது" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. அங்கவீனம் உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். பல அரச பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் இருக்கின்றன. எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவர் சொல்வார். வகுப்பாசிரியரிடம் சண்டைக்குப் போகாமல் சிறிய காரியங்களைக் கேளுங்கள்: முன் வரிசையில் இடம், கரும்பலகையில் இருப்பதை எழுதிமுடிக்கக் கூடுதல் நேரம், சத்தமாக வாசிக்க எழுப்பிவிடாதிருத்தல், விடையை வாயால் சொல்ல அனுமதி. பொதுப் பரீட்சைகளில் மேலதிக நேரம் கேட்பதற்கு வைத்தியச் சான்று வேண்டும். கடைசி மாதத்தில் ஓடித்திரியாமல் ஒரு வருடம் முன்பே தொடங்க வேண்டும்.

பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் திகதி போடுங்கள். ஒரு போட்டோப் பிரதி எடுத்து, அதில் பெற்றுக்கொண்டவரின் ஒப்பத்தை வாங்கி, குடும்ப அட்டையோடு ஒரே பையில் வையுங்கள். நம்மில் பலர் ஒருமுறைக்கு மேல் எழும்பி ஓடியவர்கள். அந்தப் பையை எங்கே வைத்தால் அவசரத்தில் கை முதலில் போய்ப் படும் என்பது உங்களுக்குத் தெரியும்.